குட்டி போடும் மீன்கள்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் வளர்ப்பும் பெருக்கமும்

கப்பியைக் குட்டி போடவைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை அது தானாக நடந்துவிடும். போட்ட குட்டிகளில் எத்தனை பிழைக்கின்றன, மூன்று தலைமுறைக்குப் பிறகும் நிறமும் வாலும் நிற்கின்றனவா என்பதில்தான் வளர்ப்பவரின் வேலை இருக்கிறது. அதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: தண்ணீரின் கடினத்தன்மை, முதல் மூன்று வாரத் தீனி, ஆண் பெண்ணைப் பிரிக்கும் நாள்.

தண்ணீர்

நான்கும் பொசிலிடே குடும்பத்து மீன்கள். கப்பியின் பூர்வீகம் வெனிசுவேலா, டிரினிடாட் பக்கம். பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஓடைகளில் வாழ்பவை. மோலிகளில் சில இனங்கள் கடலோரக் கழிமுகங்களில் உப்பு கலந்த தண்ணீரிலும் இருக்கும். இவற்றுக்கு உகந்தது சுண்ணாம்புச் சத்துள்ள, கொஞ்சம் காரத்தன்மை கொண்ட தண்ணீர். பிஎச் 7.2 முதல் 8.2 வரை இருக்கலாம். பொதுக் கடினத்தன்மை கப்பி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயிலுக்கு 150 முதல் 350 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை நல்லது. மோலிக்கு 250க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் பக்கெட்டிலும் குழாய் முனையிலும் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரைக் குறையாகச் சொல்வார்கள். இந்த மீன்களுக்கு அதுதான் வரம். மீன் நோகாமல் இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அதில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) பெரும்பாலும் 100க்குள் இருக்கும். உப்புச் சத்தே இல்லாத தண்ணீரில் மீனின் உடலிலிருந்து உப்புகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டி ஈடுகட்டி மீன் களைத்துப்போகும். மோலி துடுப்பை மடக்கிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு நகராமல் உடம்பை மட்டும் இடமும் வலமுமாக நெளித்துக்கொண்டே இருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மருந்து ஊற்றினால் அது தீராது. தினம் 10 முதல் 15 சதவீதம் என்று நான்கைந்து நாளில் கடினமான தண்ணீருக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும்.

ஆர்.ஓ. தவிர வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கோரல் சிப்ஸ், கழுவிய கிளிஞ்சல் அல்லது கணவாய் ஓடு போட்டுவையுங்கள். இது மெதுவாகக் கரைந்து கால்சியத்தைக் கொடுக்கும். கல் உப்பு போட்டால் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறும், கடினத்தன்மை ஏறாது. இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். கடலோர போர்களில் டிடிஎஸ் 1000 காட்டினாலும் அதில் பெரும்பகுதி வெறும் உப்பாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் சொட்டு விட்டுப் பார்க்கும் ஜிஎச் (பொதுக் கடினத்தன்மை) டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

போர் தண்ணீரை மோட்டார் போட்ட கையோடு தொட்டியில் விடக்கூடாது. நிலத்தடியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு, 12 முதல் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். 100 லிட்டருக்கு 1 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல் குளோரின் இருந்தாலும் அந்த அளவு அதை முறித்துவிடும்.

தொட்டி, ஃபில்டர், அமோனியா

ஆரம்பிக்க 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி வாங்குங்கள். விளிம்பு வரை நிரப்பாமல், அடியில் மணல் போட்டால் 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 3 ஆண், 7 பெண் கப்பி தாராளமாக இருக்கும். பிளாட்டி என்றால் 2 ஆண், 5 பெண். மோலியையும் ஸ்வார்ட்டெயிலையும் 3 அடித் தொட்டியில் வையுங்கள். ஸ்வார்ட்டெயில் நன்றாகத் தாவும், மூடி கட்டாயம். ஆணை விடப் பெண் இரண்டு, மூன்று மடங்கு இருக்க வேண்டும். சரிசமமாக இருந்தால் ஆண்கள் ஓயாமல் துரத்தி, பெண்கள் தீனி எடுக்காமல் ஒடுங்கிவிடும். ஸ்வார்ட்டெயிலில் இரண்டு ஆண்களை மட்டும் வைத்தால் ஒன்று மற்றதை அடித்தே கொன்றுவிடும். ஒன்று வையுங்கள், அல்லது நாலைந்தாக வையுங்கள்.

ஃபில்டருக்கு ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் எங்கள் சிபாரிசு. பவர் ஃபில்டர் பிறந்த குட்டியை இழுத்துவிடும். ஸ்பாஞ்சில் படியும் நுண்ணுயிர்களைக் குட்டிகள் நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதில் வளர்ந்த பாக்டீரியா செத்துவிடும்.

அந்த பாக்டீரியாதான் தொட்டியின் உயிர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான். புதுத் தொட்டியில் அது முழுதாக நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். காரத்தன்மை கொண்ட தண்ணீரில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7ல் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8ல் அது ஆறேழு சதவீதம், கிட்டத்தட்ட பத்து மடங்கு. "அதே அளவு மீன்தான், பக்கத்து வீட்டில் சாகவில்லை, இங்கே சாகிறது" என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். கிடைக்காவிட்டால் 2 மீனில் ஆரம்பித்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று அவற்றுக்கான டெஸ்ட் கிட் காட்டும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தொட்டி நிலைபெற்ற பிறகு வாரம் 30 சதவீதம் மாற்றினால் போதும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டர் தேவையில்லை, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தேவை. சித்திரை, வைகாசியில் தண்ணீர் 32ஐத் தாண்டும்போது ஆக்சிஜன் கரைவது குறையும், மீனின் தேவையோ கூடும். அப்போது தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள்.

மீன் தேர்வு

கடையில் தொட்டியையே முதலில் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். வால் விரியாமல் ஊசி போல ஒட்டியிருப்பது, வயிறு உள்வாங்கியிருப்பது, முதுகு வளைந்திருப்பது எல்லாமே விலக்க வேண்டியவை. மலத்துவாரத்தில் சிவப்பு நூல் போல எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று மீன் அசையாமல் நிற்கும்போது பாருங்கள். அது கமலானஸ் என்ற குடல்புழு.

வீட்டுக்கு வந்ததும் பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு வாளியில் மீனைப் பை தண்ணீரோடு விட்டு, தொட்டித் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கடைசியில் வலையில் எடுத்து மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. புது மீன் 3 வாரம் தனி டப்பில்தான் இருக்க வேண்டும்.

சினையும் பிரசவமும்

ஆணின் குதத்துடுப்பு குச்சி போல நீண்டு பின்பக்கம் ஒட்டியிருக்கும். பெண்ணுக்கு அது விசிறி போல விரிந்திருக்கும். ஆண் அந்தக் குச்சியால் விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துகிறது. பெண் அதை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய பெண் ஆணே இல்லாமல் நாலைந்து முறை குட்டி போடுவதற்குக் காரணம் இதுதான்.

சினைக்காலம் கப்பிக்கு 22 முதல் 28 நாள், பிளாட்டிக்கும் ஸ்வார்ட்டெயிலுக்கும் சுமார் 4 வாரம், மோலிக்கு 5 வாரம் வரைகூட ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் நாள் தள்ளும். முதல் ஈற்றில் கப்பி 10 குட்டி போட்டால் போதும், வளர்ந்த பெண் 30, 40 போடும். வயிற்றின் பின்பகுதியில், குதத்துடுப்புக்கு மேலே இருக்கும் சினைப்புள்ளி நாளாக ஆக அடர்ந்து விரியும். வெளிர் நிறப் பெண்களில் கடைசி இரண்டு நாட்களில் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளிக்குள் ஜோடி ஜோடியாகக் கண்கள் தெரியும். கறுப்பு மோலியில் இது எதுவும் தெரியாது, வயிற்றின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உருண்டையாக இருந்த வயிறு கீழ்ப்பக்கம் சதுரமாகி, மார்புக்குக் கீழே செங்குத்தாக இறங்கினால் நாள் நெருங்கிவிட்டது. மீன் கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்கும், தீனியைக் கண்டால் ஓடி வராது.

இந்த நிலையில் பதறி வலையில் பிடித்து மாற்றினால் காரியம் கெடும். அதிர்ச்சியில் மஞ்சள் கரு ஒட்டிய குறைக்குட்டிகளைத் தள்ளிவிடும், சமயத்தில் தாயும் சாகும். மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே மாற்றிவிடுங்கள். அதற்குப் பெண்ணை வாங்கிய பிறகு அது முதல் ஈற்று போட்ட தேதியைச் சுவரில் எழுதிவைப்பது பெரிய உதவி.

கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸ் கப்பிக்கு ஓரிரு நாள் தாங்கும். மோலிக்கு அது வேண்டவே வேண்டாம். உள்ளே தண்ணீர் ஓட்டம் இருக்காது, பெரிய மீன் முட்டி மோதி மூக்கைக் காயப்படுத்திக்கொள்ளும். அதற்குப் பதில் 30 லிட்டர் டப் ஒன்றில், ஐந்து மில்லிமீட்டர் துளையுள்ள காய்கறிக் கூடையைப் பாதி மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தாய் கூடைக்குள் இருக்கும், குட்டிகள் துளை வழியே வெளியே போய்விடும். கூடையின் துளையில் சிறு விரல் நுனி நுழையக்கூடாது, நுழைந்தால் கப்பித் தாயே வெளியேறும்.

இன்னும் நல்ல வழி செடி. டப்பின் முக்கால் பாகம் ஜாவா மாஸ், ஹார்ன்வார்ட் அல்லது கப்பி கிராஸ் நிறைந்திருந்தால் கூடையே தேவையில்லை. ஆகாயத்தாமரையின் வேர்க் கொத்துகூட அருமையான ஒளிவிடம், ஆனால் குளத்திலிருந்து எடுத்தால் இரண்டு வாரம் தனியாக வைத்து, பூச்சியும் நத்தையும் இல்லையென்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தட்டான்பூச்சியின் நீர்ப்புழு ஒன்று வந்துவிட்டால் ஒரு ஈற்றையே தின்றுவிடும். தாய்க்கு அன்று வயிறு நிறையத் தீனி கிடைத்தால் குட்டியைத் தின்பது குறையும். பிரசவம் முடிந்த தாயை உடனே ஆண்களிடம் விடாமல் இரண்டு நாள் தனியே வைத்துத் தேற்றுங்கள்.

குட்டிகளின் முதல் 3 வாரம்

முட்டையிடும் மீன்களின் குஞ்சுகள் போல் இவை கருவைச் சுமந்துகொண்டு கிடப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே வாயைத் திறந்து தீனி தேடும். கப்பிக் குட்டி 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். முதல் நாள் பட்டினி போட்டால் அந்தக் குறை கடைசிவரை அதன் அளவில் தெரியும்.

ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால்தான் சிறந்த தீனி. பொரிக்கவைக்க ஒரு பெட் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, 1 லிட்டர் தண்ணீர், 25 முதல் 30 கிராம் கல் உப்பு, 1 கிராம் ஆர்ட்டீமியா முட்டை போடுங்கள். அடிவரை போகும்படி ஏர் டியூப் விட்டு, முட்டை ஒன்றுகூடக் கீழே தங்காத அளவுக்கு வேகமாகக் காற்று விட வேண்டும். 28 டிகிரியில், விளக்கு வெளிச்சத்தில் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி 10 நிமிடம் காத்திருந்தால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் திரளும். அடியிலிருந்து டியூபில் இழுத்து, நெருக்கமான வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடுகள் சேர்ந்து போனால் குட்டியின் குடலை அடைக்கும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது முக்கியம், நேரம் ஆக ஆக ஆர்ட்டீமியா தன் கருவைத் தானே எரித்துச் சத்தை இழக்கும். நல்ல தண்ணீரில் விட்டதும் சில மணி நேரமே உயிரோடு இருக்கும், ஆகவே மிச்சமில்லாமல் தின்னும் அளவே போடுங்கள். தின்ற குட்டியின் வயிறு ஆரஞ்சாகத் தெரிவதே அளவு சரி என்பதற்கு அடையாளம்.

ஆர்ட்டீமியா முட்டை விலை கட்டுப்படியாகாதவர்கள் மொய்னா என்ற சிறு நீர்த்தெள்ளை வளர்க்கலாம். மாடியில் வெயில் படும் டப்பில் நுண்பாசி பெருகிய பச்சைத் தண்ணீர் பிடித்துவிட்டால் அது தானே பெருகும். வேகவைத்த முட்டை மஞ்சள் கரு கடைசிப்பட்சம்தான். துணியில் வைத்துப் பிழிந்து ஒரு மிளகளவு போட்டாலே ஒரு டப்புக்கு அதிகம், இரண்டு மணி நேரத்தில் அடியில் தங்கியதை உறிஞ்சி எடுக்காவிட்டால் தண்ணீர் நாறிவிடும். சாக்கடையில் அள்ளிய டுபிஃபெக்ஸ் புழுவைக் குட்டிகளுக்குக் கொடுக்காதீர்கள், நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகும்.

ஒரு நாளைக்கு 4, 5 தடவை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. அதற்கு ஈடாகத் தண்ணீர் மாற்றம், இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு. குட்டி வளரவில்லை என்று சொல்பவர்களில் பலர் தீனியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், தண்ணீரை மாற்ற மாட்டார்கள். 30 லிட்டருக்கு 40 குட்டிக்கு மேல் வேண்டாம். மோலிக் குட்டிக்கு முதல் வாரம் முதலே ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) தூளும், தொட்டிச் சுவரில் படியும் பச்சைப் பாசியும் வேண்டும்.

பிரிப்பதும் லைன் (வம்சாவளி) காப்பதும்

மூன்றாம் வாரம் முடிந்ததும் பிரிக்க ஆரம்பியுங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்திலோ கண்ணாடி டம்ளரிலோ குட்டியை விட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சினைப்புள்ளி நிழலாடினால் பெண். குதத்துடுப்பு முன்பக்கம் தடித்துக் கூராகத் தொடங்கினால் ஆண். சந்தேகமானவற்றைத் தனியாக வைத்து மறுவாரம் பாருங்கள். ஒரே ஒரு ஆண் தவறிப் பெண் டப்பில் கிடந்தால் அந்தத் தலைமுறையின் கன்னிப்பெண் எதுவும் மிஞ்சாது, சேமித்த விந்தணுவை அகற்ற வழியே இல்லை. ஸ்வார்ட்டெயிலில் சில ஆண்கள் வெகு தாமதமாகப் பருவத்துக்கு வரும், பெண் என்று நினைத்தது ஐந்தாறு மாதம் கழித்து வாள் நீட்டும்.

கப்பி ஆணின் நிறங்களில் பல ஒய் குரோமோசோம் வழியாக அப்பனிடமிருந்து மகனுக்கு நேராகப் போவதை 1920களிலேயே டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட், வின்கே ஆகிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆகவே ஆணை மட்டும் அழகாகப் பார்த்து எடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. வால் அகலம், உடல் நீளம், முதுகுத்துடுப்பு இவற்றில் பெண்ணின் பங்கு பெரிது. சிவப்புக் கண் அல்பினோ ஒடுங்கு பண்பு. அதைச் சாதாரணக் கண் மீனோடு சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கக் கறுப்புக் கண்ணாக வரும், ஏமாற வேண்டாம். அவற்றையே தமக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று சிவப்புக் கண்.

ஒரே வகையில் இரண்டு லைன்களைத் தனித்தனி டப்பில் நடத்தி, நாலைந்து தலைமுறைக்கு ஒருமுறை ஆணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அளவு சிறுத்து, முதுகு வளைந்த குட்டிகள் கூடும். கப்பியோடு அதன் நெருங்கிய இனமான எண்ட்லர் மீனைச் சேர்த்து வைக்காதீர்கள், கலந்துவிடும். பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் அப்படியே. கறும்புள்ளி பிளாட்டியை ஸ்வார்ட்டெயிலோடு கலந்தால் சில குட்டிகளுக்குத் தோல் புற்று வருவது 1920களின் கடைசியிலேயே தெரியவந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இந்த மீன்களை வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிறது.

நோய்

வெள்ளைப் புள்ளிக்கு வெப்பத்தை 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பை ஒரே நாளில் போடாமல் இரண்டு நாளில் பிரித்துச் சேர்த்து, 10 முதல் 14 நாள் விடுங்கள். செடிகளில் பலவும் கோரிடோராஸ் போன்ற மீன்களும் இந்த உப்பைத் தாங்காது. அதனால் நோயாளியைத் தனி டப்பில் வைத்தால், பழைய தொட்டியில் மிச்ச மீன்களுக்கும் பரவியிருப்பதை மறக்க வேண்டாம், அங்கிருக்கும் கப்பிகளையும் சேர்த்தே எடுங்கள். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிவது பெரும்பாலும் பூஞ்சை அல்ல, காலம்னாரிஸ் பாக்டீரியா. அதற்குச் சூடு ஏற்றினால் வேகமாகப் பரவும். கமலானஸ் புழுவுக்கு லெவாமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம். அடியில் விழும் புழுக்களை உறிஞ்சி எடுத்துவிட்டு, 2, 3 வாரத்தில் இன்னொரு தடவை கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் ஃபில்டர் பாக்டீரியாவை அழித்து, அமோனியாவில் எல்லா மீனையும் கொண்டுபோகும்.

மாடியில் வளர்ப்போருக்கு

பழைய ஃப்ரிட்ஜின் உடலைப் படுக்கவைத்து டப்பாகப் பயன்படுத்துவது வீண் சிக்கனம் அல்ல. சுவரில் உள்ள ஃபோம் பகலிரவு வெப்ப மாற்றத்தைத் தணிக்கிறது. கோடையில் மேலே 50 சதவீத நிழல் வலை போதும். புது சிமெண்ட் தொட்டி என்றால் சுண்ணாம்பு கசிந்து பிஎச் 10 வரை ஏறும். தண்ணீர் நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பி, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, பிஎச் 8.5க்குக் கீழே இறங்கிய பிறகே மீன் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடி டப்புகளில் கப்பிகள் கும்பலாகச் சாவது வாடிக்கை. மழைத்தண்ணீரில் சுண்ணாம்பே இல்லை. ஒரே இரவில் டப்பின் பாதி மாறிவிட்டால் கடினத்தன்மை பாதியாகும், வெப்பமும் நாலைந்து டிகிரி இறங்கும். மழைக்கு முன்பே பாலிதீன் ஷீட்டைச் சரிவாகக் கட்டுங்கள். விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே ஒரு துளை போட்டுக் கொசுவலை ஒட்டினால் நிரம்பி வழிந்து குட்டி போகாது.

மிஞ்சும் குட்டிகள்

ஆறு மாதத்தில் மீன் மிஞ்சும். ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். கப்பி கொசுப்புழுவை மட்டும் தின்பதில்லை, நம் நாட்டுச் சிறுமீன்களின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், ஒரு சினைப்பெண் போதும் கூட்டம் பெருக. கடைக்குக் கொடுங்கள், அல்லது வளர்ப்போரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு 24 மணி நேரம் முன்பு தீனியை நிறுத்துங்கள், பையில் கழிவு சேராது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். பையின் அடி மூலைகள் இரண்டையும் மடித்து டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் சின்னக் குட்டிகள் அந்தக் கூரான மூலையில் சிக்கி நசுங்கிச் சாகும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டு, தெர்மாகோல் பெட்டியில் படுக்கவைத்து அனுப்புங்கள்.